தெப்பக்காட்டில் மூன்று பேருக்கு ஓர் அறை

அன்புள்ள பாஸ்கர்,

உன் அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தி ஒரு மணி நேரம் ஆகிறது. அடுக்களையில் பாத்திரங்கள்தான் பேசிக்கொண்டிருக்கின்றன, அதுவும் உரத்த குரலில். காரணம் நீ போட்ட பயணத் திட்டம். மத்தியானம் மூன்று மணிக்கு ஊட்டி வன அலுவலகத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். முதுமலையில், தெப்பக்காட்டு விடுதியில், நீ கேட்டிருந்த அறை மே முதல் வாரம் இரண்டு ராத்திரிக்குக் காலியாகியிருக்கிறதாம். தங்கப்போகிற மூன்று பேரின் பெயரையும் வயதையும் சொன்னால் பதிவேட்டில் ஏற்றிவிடுவாராம். மூன்று பேரில் ஒருவன் நான், ஒருத்தி என் மனைவி, இன்னொருவன் நான் பெற்ற பிள்ளை. மூன்று பெயரும் எனக்கு மனப்பாடம். இருந்தும் நான் சொல்லவில்லை. "பேச வேண்டியவர் வேலைக்குப் போயிருக்கிறார், அவரே பேசுவார்" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற உன் அம்மாவுக்கு வந்ததே கோபம்.

"மூணு பேரு பேர சொல்றதுக்கு உங்களுக்கு இன்னா கேடு? ஜூன்ல கொயந்த பூனாவுக்கு வேலைக்குப் போறான். இத வுட்டா இனிமே எப்போ மூணு பேரும் ஒண்ணா போறது? அந்த ரூம வேற யாருனா வாங்கிகினா அப்ப இன்னா பண்ணுவீங்க?"

எல்லாம் நியாயமான கேள்விகள்தான். உன்னிடம் கைபேசி இல்லை, அலுவலகத் தொலைபேசியில் வெளி ஆட்கள் கூப்பிட்டால் கொடுக்க மாட்டார்கள், நீ நாவலூரிலிருந்து திருப்போரூர் வழியாக வந்து இறங்க ஏழு மணி ஆகும். ஊட்டி அலுவலகம் அதற்கு முன்பே பூட்டிவிடும். இவ்வளவும் தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டேன். ஏன் என்று உனக்குச் சொல்லியாக வேண்டும். நேரில் சொன்னால் நீ இரண்டாவது வார்த்தைக்கு வருவதற்குள் நான் குறுக்கே விழுவேன், அந்தப் புத்தி என்னை விட்டு முழுதாகப் போகவில்லை. கடிதம் என்றால் நீ படிக்கும்போது என்னால் வாயைத் திறக்க முடியாது. இதை நீ ஒளித்துப் படிக்க வேண்டியதும் இல்லை. இன்னொரு நகல் எழுதிக் கருங்குழியில் உன் மாமாவுக்கு அனுப்பப் போகிறேன், சிரித்தவர்கள் எல்லாரும் படிக்கட்டும். எதற்குச் சிரித்தார்கள் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் உன் திட்டத்தைப் பற்றி. அலமாரிக் கதவில் நீ ஒட்டி வைத்திருக்கும் அந்த ஒரு தாளை நான் தினம் இரண்டு தடவையாவது படிக்கிறேன். நீ இல்லாத நேரத்தில்தான். நாற்பது வருடம் ரயில்வே கால அட்டவணையோடு குடும்பம் நடத்தியவன் நான். மற்றவன் போட்ட அட்டவணையில் குறை கண்டுபிடிப்பது எனக்குப் பிடித்த காரியம். உன்னுடையதில் தேடித் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. கோடையில் தீப்பிடிக்கும் என்று காட்டை மூடி வைப்பார்கள், மழை விழுந்த பிறகுதான் திறப்பார்கள் என்பதை நீ பிப்ரவரியிலேயே கடிதம் எழுதிக் கேட்டுத் தெரிந்துகொண்டாய். அதனால் ஏப்ரலை விட்டுவிட்டு மே மாதத்துக்குத் தள்ளினாய். அம்மாவுக்கு மலைப்பாதையில் தலை சுற்றும் என்று மேட்டுப்பாளையத்தில் இரண்டு மணி நேரம் ஓய்வு போட்டாய். பஸ்ஸில் முன்பக்கத்து இருக்கை, கையில் எலுமிச்சம்பழம். மூன்றாவது நாளுக்கு நேராக ஒன்றுமே எழுதாமல் "சும்மா" என்று ஒரே ஒரு வார்த்தை. கடைசியில் ஆளுக்கொரு வேலை கொடுத்திருக்கிறாய். அம்மாவுக்குப் புளிசாதம். உனக்கு டிக்கெட், அறை, வண்டி. எனக்கு நேராக, "அப்பா: வாட்ச் கட்டக் கூடாது."

அதைப் படித்து உன் அம்மா சிரித்த சிரிப்பு எதிர்வீடு வரைக்கும் கேட்டிருக்கும். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் நீ அதை விளையாட்டுக்கு எழுதவில்லை என்று எனக்குத் தெரியும், எங்கிருந்து எடுத்து எழுதினாய் என்பதும் தெரியும். உனக்கு ஒன்பது வயது. மாமல்லபுரத்தில், கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே, படகுகளை மணலில் ஏற்றி வைத்திருப்பார்களே, அந்த இடம்.

நீ எங்களுக்குத் தாமதமாகப் பிறந்த ஒரே பிள்ளை. நாலு வயதில் பேச்சு திக்க ஆரம்பித்தது. உன் அம்மா வசம்பைச் சுட்டு நாக்கில் தடவினாள், திருப்போரூரில் வேண்டிக்கொண்டாள். நான் படித்தவனாயிற்றே, அதனால் வேறு வழி தேடினேன். அலை முன்னால் நின்று சத்தமாகப் பேசினால் நாக்கு இளகும் என்று வேலை பார்க்கிற இடத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் உன்னை பஸ் ஏற்றி மாமல்லபுரம் கூட்டிக்கொண்டு போனேன். தண்ணீரைப் பார்த்து உன்னை நிறுத்தி ஒரு வாக்கியம் கொடுப்பேன். "செங்கல்பட்டிலிருந்து சென்னைக் கடற்கரை வரை செல்லும் வண்டி இன்னும் சற்று நேரத்தில் வந்து சேரும்." நீ சொல்லி முடிக்க எத்தனை வினாடி ஆகிறது என்று வாட்ச்சைப் பார்த்து ஒரு நோட்டில் குறித்துக்கொள்வேன். போன வாரத்தைவிட அதிகமானால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். இதையெல்லாம் பார்த்துக்கொண்டு வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டார்.

"இன்னா சார், புள்ளய கடலாண்ட நிக்க வெச்சி பரீச்ச வெக்கிற? வுடு சார், அது பாட்டுக்கு வெளாடட்டும்."

நான் அவரை முறைத்தேன். அப்போதுதான் நீ என் சட்டையை இழுத்துச் சொன்னாய். "நீ வாட்ச்சப் பாக்கிறப்போதாம்பா வர மாட்டேங்குது." அந்த வாக்கியத்தை நீ ஒரு இடத்தில்கூடத் திக்காமல் சொன்னாய். ஒன்பது வயதுப் பிள்ளை தன் வியாதிக்குத் தானே மருந்து சொன்னது. நான் சாக்கு சொல்கிறாய் என்று நினைத்து, "எங்க, மறுபடியும் மொதல்லேர்ந்து சொல்லு" என்றேன்.

அந்த நோட்டை மட்டும் விட்டேன், பழக்கத்தை விடவில்லை. கடையில், பஸ்ஸில், பள்ளிக்கூடத்தில் யாராவது உன்னைப் பார்த்து "தம்பி பேரு இன்னா?" என்று கேட்டால் நீ 'பா' என்று தொடங்கும்போதே நான் "பாஸ்கர்" என்று முடித்துவிடுவேன். என்ன வகுப்பு என்றால் அதற்கும் நானே. என்ன வேண்டும் என்றால் அதற்கும் நானே. பிள்ளை கஷ்டப்படக் கூடாது என்று செய்ததாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் கஷ்டம் எனக்குத்தான். நீ திக்கும்போது எதிரில் நிற்பவன் முகம் மாறுவதை என்னால் பார்க்க முடியாது. என் கூச்சத்தை மறைக்க உன் வாயைப் பிடுங்கிக்கொண்டேன்.

தொண்ணூற்று இரண்டில் நீ ஐந்தாம் வகுப்பு முடித்ததும் முதன்முதலாக முதுமலைக்குப் போனோம், நினைவிருக்கும். புத்தகத்தில் யானைக் கூட்டத்தின் படத்தைப் பார்த்துவிட்டு நீயாகக் கேட்டது. நீயாக எதையும் கேட்காத பிள்ளை கேட்டதால் நானும் விழுந்து விழுந்து திட்டம் போட்டேன். அந்தத் தாள் இன்னமும் என்னிடம் இருக்கிறது. நீலகிரி எக்ஸ்பிரஸ் இத்தனை மணி, இட்லிக்கு இருபது நிமிடம், ஊட்டி பஸ், கூடலூர் வழி, அறைக்குள் நுழைவது, குளிப்பது, வண்டியில் காட்டுக்குள் போவது, திரும்புவது, மறுநாள் காலை ஆறு பத்துக்கு பஸ். "ஒண்ணுக்குப் போறதுக்கும் டைம் போட்டுட்டீங்களா, இல்ல அத நாங்களா பாத்துக்கலாமா?" என்று உன் அம்மா கேட்டாள். நான் அதையும் ஒரு இடத்தில் போட்டுத்தான் வைத்திருந்தேன்.

சாயங்காலம் வனத்துறை வண்டியில் ஏறினோம். இருபது பேர் இருப்போம். உனக்கு ஜன்னல் ஓரம், பக்கத்தில் நான். யானைகளைப் பார்த்தோம், மான்களைப் பார்த்தோம், காட்டெருமை ஒன்று சாலையை மறித்து நின்றதைப் பார்த்தோம். சத்தம் போடக் கூடாது என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். திரும்பி வரும் வழியில், ஒரு மூங்கில் புதருக்குப் பக்கத்தில் வண்டி மெதுவாகத் திரும்பியபோது, நீ என் கையைப் பிடித்தாய். உன் விரல்கள் சில்லென்று இருந்தன. "அப்பா, சி... சி... சி..." என்றாய். நான் வழக்கம்போல எடுத்துக் கொடுத்தேன். "சின்ன யானையா? அதான் பாத்தாச்சே. சத்தம் போடாத." நீ தலையை ஆட்டி ஆட்டி மறுபடியும் தொடங்கினாய். "அப்புறம் சொல்லு" என்று உன் வாயில் கை வைத்தேன். உன் முகத்தைப் பார்க்கவில்லை. சத்தம் கேட்டு முன் இருக்கைக்காரர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வண்டியை விட்டு இறங்கிய பிறகு நீ சொன்னாய், மூச்சு வாங்க வாங்க, ஆனால் முழுசாக. "சிறுத்த. மூங்கிகிட்ட. வாலு தொங்கிச்சி." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வண்டி ஓட்டியவர் ஒருவர்தான் சிரிக்காமல், "எந்தப் பக்கம் தம்பி?" என்று உன்னிடம் கேட்டார். நீ கையைக் காட்டினாய். காலையில் போய்ப் பார்க்கலாமா, தடம் இருக்கும், என்று என்னிடம் கெஞ்சினாய். ஆறு பத்துக்கு பஸ் என்று தாளைக் காட்டினேன்.

அதற்கப்புறம் அந்தக் கதையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். கருங்குழியில் ஒரு கல்யாணம் விடாமல், காதுகுத்து விடாமல். "எம் பையன் சிறுத்தயப் பாத்தாம்பா. அவன் சி சின்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள அது ஊட்டி தாண்டி மேட்டுப்பாளையம் பூடுச்சி." எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். "சிறுத்தக் கதைய சொல்லுங்க மாமா" என்று கேட்டு வாங்கிச் சிரித்தவர்களும் உண்டு. சின்னப் பிள்ளையாக இருந்தவரை நீயும் சேர்ந்து சிரித்தாய். பதிமூன்று வயதில் ஒரு பந்தியில் பாதி இலையில் எழுந்து போனாய். அதோடு நிறுத்தினேன், ஆனால் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த வருடக் கோடை விடுமுறையில் நீ என்னோடு ஸ்டேஷனுக்கு வர ஆரம்பித்தாய். மதுராந்தகம் பக்கத்துச் சின்ன ஸ்டேஷன், நான் அங்கே ஸ்டேஷன் மாஸ்டர். மூலையில் உட்கார்ந்து நீ கணக்குப் போடுவாய், நான் வண்டிகளை அனுப்பிக்கொண்டிருப்பேன். தெற்கே ஒரு கேட் இருந்தது, அதற்கு முனுசாமி கேட்மேன். வண்டி வருவதற்கு முன் நான் தொலைபேசியில் முனுசாமியைக் கூப்பிட்டுக் கேட்டை மூடச் சொல்ல வேண்டும். அவர் மூடிவிட்டு, மூடியதற்கு அத்தாட்சியாகத் தன் புத்தகத்தில் இருக்கும் ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். அதை நான் திருப்பிச் சொல்லி, அவர் சரி என்று சொன்ன பிறகுதான் சிக்னலைத் தொடலாம். முனுசாமிக்கு ஆஸ்துமா. 'நாற்பத்து' என்று சொல்லி மூச்சு வாங்குவார். அடுத்த எண் வர அரை நிமிடம் ஆகும். ஏழா, எட்டா என்று நான் எடுத்துக் கொடுக்கக் கூடாது. எடுத்துக் கொடுத்தால் அவரும் அசதியில் ஆமாம் என்றுவிடுவார், கேட் திறந்து கிடக்கும்போது வண்டி வந்துவிடும். அவர் வாயிலிருந்து முழு எண்ணும் வரும்வரை ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு பேசாமல் இருக்க வேண்டும். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட நான் அவரை அவசரப்படுத்தியதில்லை. அதில் எனக்குக் கர்வம்கூட இருந்தது.

ஒருநாள் முனுசாமி எண்ணைச் சொல்லி முடித்து நான் ரிசீவரை வைத்ததும், நீ கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாய். "மு... முனுசாமி தாத்தாவுக்கு மட்டும் வெயிட் பண்றியேப்பா?"

அடுத்த வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று பதிவேட்டைப் புரட்டினேன். நேரம் ஆகவில்லை. ஒரு பதினாலு வயதுப் பையன் என்னை என் வேலையை வைத்தே மடக்கிவிட்டான் என்ற அதிர்ச்சி ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இப்போது சொல்கிறேன், அன்றைக்கே எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அதிலிருந்து எடுத்துக் கொடுப்பதைக் குறைத்துக்கொண்டேன். முழுதாக விட முடியவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பேன், நீ அதையும் பார்ப்பாய்.

நீ எனக்காகக் காத்திருக்கவில்லை, உன் பாட்டுக்கு வளர்ந்தாய். நாவலூர் கம்பெனி நேர்முகத்தில் உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "எனக்குத் திக்கும், பதில் தெரியும், நேரம் கொடுங்கள்" என்று சொன்னாயாமே. அதை நீ என்னிடம் சொல்லவில்லை. உன்னோடு போன பையன் சொல்லித்தான் தெரியும். அன்றைக்கு நான் பஸ் ஸ்டாண்டில் தெரிந்தவன் தெரியாதவன் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டவர்களிடம் பையனுக்கு வேலை கிடைத்தது என்றேன். வேலைக்காக இல்லையடா, அந்த மூன்று வாக்கியத்துக்காக.

இப்போது போன சனிக்கிழமைக்கு வருகிறேன். காலை பத்து மணிக்கு நீ கூடத்தில் தொலைபேசிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய். நான் பேப்பர் படிப்பதுபோல இருந்தேன். ஒரு வரிகூடப் படிக்கவில்லை. ஊட்டி கிடைத்தது. 'வ' என்று தொடங்கி நீ நின்றாய். அந்தப் பக்கம் "ஹலோ, ஹலோ, கேக்கலைங்க" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். என்னை அறியாமல் எழுந்துவிட்டேன், ரிசீவரை வாங்கக் கையை நீட்டிவிட்டேன். நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினாய், வண்டியை நிறுத்தக் கை காட்டுவதுபோல. நான் உட்கார்ந்தேன். நீ மறுபடி எண்ணைச் சுழற்றினாய்.

"சார், செங்கல்பட்டுலேர்ந்து பேசறேன். எ... எனக்குப் பேச்சு திக்கும். நடுவுல சத்தம் வரலன்னா லைன் கட்டாயிடுச்சின்னு வெச்சிடாதீங்க. நான் முழுசா சொல்லி முடிச்சதும் நீங்க ஒரு தடவ தி... திருப்பிச் சொல்லுங்க."

பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். அது என் வேலையடா. முழுதாகச் சொல்வது, எதிராளியைத் திருப்பிச் சொல்ல வைப்பது, சரி என்று சொல்லும்வரை அடுத்ததைத் தொடாமல் இருப்பது. உனக்கு அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுக்கும் யோக்கியதை எனக்கு இருக்கவும் இல்லை. மூலையில் கணக்குப் போட்டுக்கொண்டே நீயாக எடுத்துக்கொண்டாய். தேதி சொன்னாய், திருப்பிச் சொன்னார். எத்தனை பேர் என்று சொன்னாய், திருப்பிச் சொன்னார். காடு திறந்திருக்குமா என்று கேட்டாய். கீழ்த்தளத்து அறை வேண்டும், அம்மாவுக்கு முழங்கால் வலி என்றாய். வாட்ச்சைப் பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன், ஏழு நிமிடம். அறை இப்போதைக்கு இல்லை, காலியானால் கூப்பிடுகிறோம் என்றார்கள். நீ ரிசீவரை வைத்தபோது உன் காதுமடல் சிவந்திருந்தது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாய். "அவங்க கூப்ட்டா நா... நானே பேசி முடிச்சிக்கிறேம்பா. நீ நடுவுல வராத." சரி என்றேன்.

அந்தச் சரியைத்தான் இன்றைக்கு மூன்று மணிக்குக் காப்பாற்றினேன். உன் அம்மாவுக்கு இது புரியவில்லை என்றால் அவளைக் குறை சொல்ல முடியாது. அவளுக்கு வேண்டியது நீ போவதற்கு முன் உன்னோடு இரண்டு நாள். எனக்கும் அதுதான் வேண்டும்.

இனி எழுதப்போவது உனக்கும் தெரியாது, உன் அம்மாவுக்கும் தெரியாது. இதைச் சொல்லாமல் உன்னோடு அந்தக் காட்டுக்குள் கால் வைக்க எனக்கு மனம் இல்லை. தொண்ணூற்று இரண்டில், கிளம்புகிற அன்று விடிகாலையில், நீயும் அம்மாவும் மூட்டையோடு பஸ் நிற்கும் இடத்துக்குப் போய்விட்டீர்கள். நான் அறைச் சாவியைக் கொடுக்க அலுவலகத்துக்குப் போனேன். அங்கே அந்த வண்டிக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

"சார், நேத்து உங்க பையன் கை காட்டுனானே, அந்த மூங்கில் பொதரு, வெடியறப்பவே போய்ப் பாத்தனுங். தடம் கெடக்குதுங். சிறுத்தையேதாங். வந்து பாக்கறீங்களா, பக்கந்தானுங்."

வாட்ச்சைப் பார்த்தேன். ஆறு அடிக்க நாலு நிமிடம் இருந்தது. பஸ்ஸில் உன்னிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று ஓடி வந்துவிட்டேன். பஸ்ஸில் வளைவுக்கு வளைவு நீ வாந்தி எடுத்தாய், சொல்லவில்லை. ரயிலில் தூங்கிவிட்டாய், எழுப்பவில்லை. வீட்டுக்கு வந்த மறுநாள் உன் மாமா வந்து பயணம் எப்படி என்று கேட்டார். அந்த நையாண்டி என் நாக்கில் எப்படி வந்து உட்கார்ந்ததோ, சொன்னேன், அவர் சிரித்தார். அப்புறம் உண்மையைச் சொல்ல வழியில்லாமல் போனது. ஒவ்வொரு தடவை அந்தக் கதையைச் சொன்னபோதும் நீ பார்த்தது நிஜம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சிரிக்க வைத்தேன். கதையை நிறுத்திய பிறகும் உண்மையைச் சொல்லவில்லை, ஆகப் பதினொரு வருடம். இதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், பாஸ்கர். மாமாவுக்கு அனுப்பும் நகலில் இந்தப் பத்தியின் கீழ்தான் கோடு போடப் போகிறேன்.

பூனாவில் உன்னைத் தெரியாதவர்கள் இருப்பார்கள், அவசரக்காரர்கள் இருப்பார்கள். உன் வார்த்தையை எடுத்து முடித்து வைப்பவனிடம் நல்ல மனதும் இருக்கலாம், என்னிடம் இருந்ததைப்போல. அவனுக்கும் அன்றைக்குக் காட்டினாயே உள்ளங்கை, அதைக் காட்டு. நேரம் போட்டு எல்லாவற்றையும் நிரப்பாதே, ஒரு நாளையாவது "சும்மா" என்று விட்டு வை. அந்த மூன்றாவது நாளை எதற்காகக் காலியாக விட்டிருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. மூங்கில் புதர் பக்கம்தான் நடக்கப் போகிறோம் என்று எனக்குத் தெரியும்.

உன் அம்மாவுக்கு இன்னும் சொல்லாத ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. அவள் பேசினால்தானே சொல்ல முடியும். அவள் கேட்டது தொலைபேசியில் என் பேச்சை மட்டும்தான். நீ வந்துதான் பேசுவாய் என்று சொன்னதும், ஊட்டிக்காரர், "பேரும் வயசுந்தானுங் சார், நீங்களே சொல்லிருங்க. ரூம் கேட்டு ஒருத்தரு இங்கயே நிக்கறாருங்" என்றார். மூன்று பெயரும் என் நாக்கு நுனியில் வந்து நின்றன. சொல்லவில்லை. அவரும் ஒன்றும் பேசவில்லை. எத்தனை வினாடி என்று தெரியாது, சுவர்க் கடிகாரத்துக்கு முதுகைக் காட்டித்தான் நின்றுகொண்டிருந்தேன். பிறகு அவரே கேட்டார்.

"சனிக்கெழம பேசுனாரே, நிதானமா, எல்லாத்தையும் திருப்பிச் சொல்லச் சொல்லி, அந்தத் தம்பிங்களா?"

"ஆமாம். என் பையன்" என்றேன்.

"அப்படின்னா அவரே பேசட்டுங் சார். அவருகிட்ட கேட்டு எழுதுனா தப்பு வராதுங். நாளைக்குக் காலைல பத்து மணிக்குக் கூப்பிடச் சொல்லுங், அதுவரைக்கும் அந்த ரூம் அவரு பேர்ல இருக்கட்டும்."

எனவே நாளைக்கு ஒரு பஸ் பிந்திப் போ. பத்து மணிக்குக் கூப்பிடு. என் வயது அறுபது, அம்மாவின் வயதை அவளிடமே கேட்டுக்கொள், எனக்கு அந்த வம்பு வேண்டாம். நான் கொல்லைப்பக்கம் போய்விடுகிறேன், நீ நிம்மதியாகப் பேசு. வாட்ச்சைக் கழற்றி அலமாரியில், உன் திட்டம் ஒட்டியிருக்கும் கதவுக்குப் பின்னால், வைத்துவிட்டேன். வண்டியில் உனக்கு ஜன்னல் ஓரம், பக்கத்தில் நான். எதையாவது பார்த்தால் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை நீயே சொல். நீ சொல்லி முடிப்பதற்குள் அது காட்டுக்குள் போய்விட்டால் போகட்டும். நான் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன் அப்பா